கொஞ்சம் ட்ரிக்கியான பூட்டு

ஜனவரி 9

அன்புள்ள அண்ணா,

நேற்று என் மூக்குக்கண்ணாடி ஃபிரிட்ஜுக்குள் இருந்தது. முட்டைத் தட்டில், முட்டைகளுக்கு நடுவில், ஒழுங்காக மடித்து வைத்திருந்தது. காலையில் வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினேன். கிடைக்கவில்லை. பஸ் நம்பரைக்கூடப் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டுத்தான் ஏறினேன். பழைய கண்ணாடியை வைத்துக்கொண்டு வகுப்பை ஒப்பேற்றிவிட்டு வந்து, பாலை எடுக்கலாம் என்று திறந்தால் அது அங்கே உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது. சில்லென்ற கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர்தான் ஆறுதல் சொன்னார். "விடும்மா, மறதி யாருக்குத்தான் இல்ல? பள்ளிக்கூடப் பொறுப்பு வேற தலைல ஏறியிருக்கு." அவர் அப்படி மென்மையாகச் சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

இது முதல் தடவை இல்லை, அண்ணா. பெரியவர்கள் படிக்கும் மாலைப் பள்ளிக்கு என்னைத் தலைமை ஆசிரியையாகப் போட்டதிலிருந்தே இப்படித்தான். வருகைப் பதிவேடு வாஷிங் மெஷினுக்குள் கிடந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் குளிக்கப் போனேன் என்று சத்தியம் செய்வேன்; திரும்பி வந்தால் எரிகிறது. ஒவ்வொன்றையும் அவர்தான் கண்டுபிடித்துக் கொடுக்கிறார். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாரே, அந்த மனிதர் இல்லாவிட்டால் இந்நேரம் வீடு எரிந்திருக்கும்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன். நான் பேசும்போதெல்லாம் அவரும் அக்கறையாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அதனால் பள்ளி முகவரிக்கே பதில் போடு.

உன்னிடம் இரண்டு வேலை இருக்கிறது. வகுப்பில் வாரம் ஓர் ஆங்கிலச் சொல் எடுப்போம் இல்லையா, இந்த முறை 'ட்ரிக்கி'. பஸ் டிரைவர், நர்ஸ், தையல்காரம்மா எல்லாரும் ஆளுக்கொரு வாக்கியம் கொண்டுவர வேண்டும். உன் பூட்டுக் கடையில் அந்தச் சொல் எப்படி ஓடுகிறது என்று எழுது. உன் வாயில் அது வராத நாளே கிடையாது.

இரண்டாவது, எனக்கு ஒரு பூட்டு செய்து அனுப்பு. படுக்கையறை அலமாரிக்கு. என்னைத் தவிர யாராலும் திறக்க முடியாததாக இருக்க வேண்டும். கண்ணாடி, பதிவேடு, கம்மல் எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பூட்டப் போகிறேன். அதற்குப் பிறகும் ஏதாவது இடம் மாறினால், மாற்றியது என் கைதான். அதைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் தூங்க முடியவில்லை.

உன் தங்கை


ஜனவரி 21

டீச்சரம்மாவுக்கு,

ஃபிரிட்ஜில் கண்ணாடி என்று படித்ததும் முதலில் சிரித்துவிட்டேன். அடுத்த வரியைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வாக்கியங்களை எழுதியவள் நீயா என்று திரும்பத் திரும்பக் கையெழுத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் நான் ஒளித்துவைக்கும் மிட்டாயெல்லாம் வீட்டில் எந்த மூலையில் இருக்கிறது என்று என்னைவிட உனக்குத்தானே நன்றாகத் தெரியும்! உனக்கு மறதி என்றால் நம்பவே முடியவில்லை. டாக்டரிடம் ரத்தம் பார். சத்துக் குறைவாக இருக்கும்.

பூட்டு தயார். இந்தப் பக்கத்திலிருந்து ஊருக்கு வரும் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன். பார்த்தால் சாதாரணப் பூட்டுதான். சாவியைப் போட்டு நேராகத் திருப்பினால் ஆயுசுக்கும் திறக்காது. சாவியை உள்ளே அழுத்திக்கொண்டே, இடது கையால் குமிழை லேசாக மேலே தூக்கு. அதற்குப் பிறகு திருப்பு. இந்தச் சூட்சுமம் உனக்கும் எனக்கும் மட்டும்.

உன் வகுப்புக்கு: எங்கள் தொழிலில் கஷ்டமான பூட்டையெல்லாம் ட்ரிக்கி என்று சொல்லமாட்டோம். துருப்பிடித்த பூட்டு கஷ்டமானது. எண்ணெய் விட்டு, தட்டி, திட்டி, கடைசியில் திறந்துவிடலாம். அது கஷ்டம் என்பது பார்த்த உடனே தெரியும். ட்ரிக்கி வேறு சாதி. பார்க்க ரொம்பச் சாதுவாக இருக்கும். 'வா வா, திறந்துவிடலாம்' என்று கூப்பிடும். கை வைத்த பிறகு மணிக்கணக்கில் அலைக்கழிக்கும். தப்பு நம் கையில்தானோ என்று நம்மையே சந்தேகப்பட வைக்கும். அந்த மாதிரிப் பூட்டைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். டிரைவரிடமும் நர்ஸிடமும் இந்த இலக்கணத்தைச் சொல், எனக்கு ஒரு கைதட்டு வாங்கிக் கொடு.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். என் அறுவை ஜோக்குக்கெல்லாம் சிரிக்கிற ஒரே ஜீவன். நீ கொடுத்துவைத்தவள்.

அண்ணன்


பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணா,

பூட்டு வந்து, தச்சரை வைத்து மாட்டியும் ஆகிவிட்டது. சாவி என் கழுத்துச் சங்கிலியில் தொங்குகிறது. உள்ளே வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறது! தினமும் திறந்து பார்த்து, அலமாரிக்கே நன்றி சொல்கிறேன். இது வந்த பிறகுதான் ஒழுங்காகத் தூங்குகிறேன்.

நான் குளிக்கும்போது சாவியை எடுத்து அவரும் முயன்று பார்த்தார் போலிருக்கிறது. "உங்க அண்ணன் பயங்கரமான ஆளும்மா, என்னைத் தோக்கடிச்சுட்டாரு" என்று ஒரே சிரிப்பு. சூட்சுமத்தைக் கேட்டார். சொல்லவில்லை. எனக்குள் இருக்கும் சோதனைக்காரி சொல்லவிடவில்லை. அவர் முகம் வாடியதுபோல இருந்தது. பாவம்.

உன் இலக்கணத்துக்கு வகுப்பே கைதட்டியது. டிரைவர், மேம்பாலத்து இறக்கத்தில் இருக்கும் வளைவு ட்ரிக்கி என்றார். நர்ஸ், கைக்குழந்தைக்கு ஊசி போட நரம்பு தேடுவது ட்ரிக்கி என்றாள். எல்லாரும் வேலையைப் பற்றியேதான் சொன்னார்கள். மனிதர்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். கடைசியில் தையல்காரம்மா, "மேலதிகாரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

தமிழில் இதற்கு என்ன போடுவது என்று பெரிய சண்டை. 'சிக்கலான' என்றால் ஆள் விட்டுப்போகிறது. 'தந்திரக்காரன்' என்றால் கெட்டவன் என்று முடிவே கட்டியாகிவிட்டது. 'கில்லாடி' என்றால் முதுகில் தட்டிக் கொடுக்கிறோம். 'வில்லங்கம்' கொஞ்சம் கிட்டே வருகிறது. ஆனால் வில்லங்கமான ஆளைத் தூரத்தில் வரும்போதே தெரிந்துவிடும் என்றார் டிரைவர். தெரியாமல் இருப்பவனுக்கு என்ன பெயர் என்று நர்ஸ் கேட்டாள். மணி அடித்துவிட்டது, கேள்வி அப்படியே நிற்கிறது.

சந்தோஷமாக இருக்கிறேன், அண்ணா.

உன் தங்கை


மார்ச் 3

அண்ணா,

எல்லாம் முடிந்துவிட்டது.

முந்தாநாள் அலமாரியைத் திறந்தால் கம்மல் இல்லை. பதிவேடும் இல்லை. பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி என் கழுத்தில். கம்மல் உப்பு ஜாடிக்குள் கிடந்தது. பதிவேடு குளியலறை வாளியில் ஊறிக்கிடந்தது, பக்கமெல்லாம் மை கரைந்து. வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டியபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. "நான் என்னம்மா தப்பு பண்ணேன், ஏன் இப்படி ஆயிடுச்சு உனக்கு?" என்று என் தலையைத் தடவினார்.

நான் அழக்கூட இல்லை. அந்தப் பூட்டைத் திறக்கும் வழி உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நீ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய். மிச்சம் நான்தான். நானே திறந்து, நானே எடுத்து, நானே தண்ணீரில் போட்டுவிட்டு, எதுவுமே தெரியாதவள் மாதிரி தேடியிருக்கிறேன். என் கையைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக்கு இந்தக் கை எதைச் செய்யும்? வகுப்புக்கு ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள், நான் வாங்கி வைத்துக்கொள்வேன். இனி வாங்கமாட்டேன்.

டாக்டரிடம் அவர்தான் கூட்டிப்போனார். எல்லாவற்றையும் தேதியோடு அவரே சொன்னார். தூக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஊருக்கு வெளியே மனநல ஓய்வு இல்லம் ஒன்று இருக்கிறதாம். 24ஆம் தேதி அங்கே சேர்க்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். குணமாகும் வரைக்கும் என்றார். விண்ணப்பமெல்லாம் எழுதிவிட்டார், என் கையெழுத்துதான் பாக்கி.

ராஜினாமாக் கடிதத்தையும் இந்தக் கடிதத்தையும் சேர்த்து எங்கள் கணக்கு டீச்சரிடம் கொடுக்கிறேன். அவளுக்கு எல்லாம் தெரியும். உன் பூட்டு நன்றாக வேலை செய்தது, அண்ணா. எனக்கு வேண்டிய பதிலைச் சொல்லிவிட்டது.

தங்கை


மார்ச் 12

தங்கச்சி,

கையெழுத்துப் போடாதே. போட்டிருந்தால் கிழித்து எறி. அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். முதலில் இதைப் படி: இரண்டு பேருக்கு இல்லை, மூன்று பேருக்குத் தெரியும். அந்த மூன்றாவது ஆளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

பிப்ரவரி கடைசியில் மாப்பிள்ளை எனக்கு போன் செய்தார். "மச்சான், உங்க தங்கச்சி சாவியைத் தொலைச்சுட்டு அழறா. அலமாரியை உடைக்கவும் மனசு வரல. வேற வழி ஏதாவது இருக்கா? நான் கேட்டேன்னு அவகிட்ட சொல்லாதீங்க, கூசிப்போயிடுவா" என்றார். எனக்கு அவர் மேல் என்ன பாசம் பொங்கியது தெரியுமா! அந்த அக்கறையைப் பார்த்து மயங்கிப் போனேன். அதோடு என் பூட்டைப் பற்றி ஒருவர் ஆசையாகக் கேட்டால் எனக்கு வாய் நிற்காதே. மடமடவென்று கடைவழியைச் சொல்லிவிட்டேன்.

நான் செய்யும் எல்லாப் பூட்டிலும் ஒரு கடைவழி உண்டு. வாடிக்கைக்காரர் சாவியைத் தொலைத்துவிட்டு வந்தால் நாங்கள் திறக்க வேண்டுமே, அதற்கு. பூட்டின் அடியில் பொடி ஓட்டை ஒன்று இருக்கும். அதில் ஊசியைக் குத்திக்கொண்டே குமிழைத் திருப்பினால் சாவி இல்லாமலே திறந்துகொள்ளும், திரும்பவும் பூட்டிக்கொள்ளும். இதை உனக்குச் சொல்லவே இல்லை. வாங்குகிறவருக்குச் சொல்கிற வழக்கம் இல்லை. அந்தப் பாழாய்ப்போன வழக்கத்தால் உன்னைப் பைத்தியம் என்று நீயே நம்பும்படி ஆகிவிட்டது.

உன் கடிதத்தைப் படித்தபோது சாவி வெட்டிக்கொண்டிருந்தேன். மெஷினை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பும், அந்த 'மச்சான்' என்ற குரலும் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. இவரா? இவரா? நீ தலைமை ஆசிரியை ஆன மாதத்தில்தானே எல்லாம் ஆரம்பித்தது? அன்றைக்கு அவர் என்னிடம் சொன்னதும் இப்போது ஞாபகம் வருகிறது: "இனிமே எங்க அவ என் கண்ல படப்போறா மச்சான்!" நான் அதற்கும் சிரித்தேன்.

நான் சொல்வதை நம்பாதே. சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாய். பூட்டையே கேள். அலமாரிக் கதவைத் திறந்து, உள்பக்கத்து மூடியின் ஸ்க்ரூவைக் கழற்று. ஒரு சின்னப் பித்தளைத் தகடு தெரியும். சாவியால் எத்தனை தடவை திறந்தாலும் அது நின்றபடியே இருக்கும். கடைவழியில் ஒருமுறை திறந்தாலும் படுத்துவிடும், தானாக எழாது. யாராவது ஊசி போட்டுத் திறந்தார்களா என்று பழுதுக்கு வரும்போது நாங்கள் பார்த்துக்கொள்வதற்காக வைப்பது. அந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்றால் தீக்குச்சியில் பசை தடவி அடித்து, முனையை ஒடித்துவிடு. அதற்குப் பிறகு உன் சாவி இல்லாமல் நானே வந்தாலும் திறக்க முடியாது.

உன் போனை அவர்தான் எடுக்கிறார். "தூங்குறா மச்சான்" என்கிறார். வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று வைத்துவிட்டேன். நமக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியக்கூடாது. பள்ளிக்குப் பேசி, இதைக் கணக்கு டீச்சர் பெயருக்குக் கூரியரில் போடுகிறேன். என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருக்கிறது, வந்த அன்றே கிளம்புவேன்.

உன் அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

கணக்கு டீச்சர் வீட்டு முன்னறையிலிருந்து எழுதுகிறேன். கதவு சாத்தியிருக்கிறது. அவள் வீட்டுக்காரர் வாசலில் பேப்பர் படிக்கிற சாக்கில் காவல் இருக்கிறார். பயப்படாதே.

வகுப்புக் கணக்கை ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லி அவள்தான் என்னைப் பள்ளிக்கு வரவழைத்தாள். உன் கடிதத்தைக் கழிவறையில் வைத்துப் படித்தேன். உண்மையைச் சொல்கிறேன், உன் மேல்தான் முதலில் கோபம் வந்தது. தங்கையைக் காப்பாற்ற அண்ணன் கதை கட்டுகிறான், பாவம் அவர் பெயரைக் கெடுக்கிறானே என்று. பார்த்துக்கொள், அந்த அளவுக்கு இருந்தேன்.

வீட்டுக்குப் போய், அவர் மாடியில் போனில் பேசிக்கொண்டிருந்தபோது மூடியைக் கழற்றினேன். தகடு படுத்திருந்தது.

அப்போதும் நம்பவில்லை. தச்சர் மாட்டும்போது விழுந்திருக்கலாம், நீ அனுப்பும்போதே விழுந்திருக்கலாம் என்று எனக்கு நானே வக்கீலாக நின்றேன். தகட்டை நகத்தால் நிமிர்த்தி வைத்து, மூடியைப் போட்டு, உள்ளே என் சாக்பீஸ் டப்பாவை வைத்துப் பூட்டினேன். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துத் துப்பிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் அவர் என்னைக் கூப்பிட்டார். செருப்பு அலமாரியில், என் செருப்புக்குள் சாக்பீஸ் டப்பா. "பாரும்மா" என்றார். கண்ணில் தண்ணீர். நிஜமான தண்ணீர், அண்ணா! என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "அங்க போனா எல்லாம் சரியாயிடும்" என்றார். நான் அந்தத் தோளில் சாய்ந்தபடியே நின்றேன். எத்தனையோ நாள் அழுது ஆறிய தோள் அது. சோப்பு வாசனைகூட மாறவில்லை.

அவர் சாப்பிடப் போனதும் மூடியைக் கழற்றினேன். தகடு படுத்திருந்தது.

எனக்குப் பைத்தியம் இல்லை. அதை எழுதிப் பார்க்கிறேன், ஆனால் சந்தோஷமே வரவில்லை. பைத்தியம் என்றால் ஒரு மாத்திரை இருக்கிறது. இதற்கு என்ன இருக்கிறது? செய்யாத ஒவ்வொன்றுக்கும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அவனும் பெருந்தன்மையாக மன்னித்தான்.

இன்று காலை நீ சொன்னபடி தீக்குச்சி அடித்து ஒடித்தேன். ஓய்வு இல்லத்து விண்ணப்பங்களையும் மாத்திரைகளையும் உள்ளே போட்டுப் பூட்டினேன். அவன் குளித்துக்கொண்டிருந்தான். வாசல்வரை வந்தவள் திரும்பிப் போய் இன்னொரு காரியமும் செய்தேன். அவன் மூக்குக்கண்ணாடியை மடித்து முட்டைத் தட்டில் வைத்தேன். ஏன் செய்தேன் என்று கேட்காதே. இது என் கை செய்ததுதான். எனக்குத் தெரிந்தே செய்தது.

ராஜினாமாவைப் பற்றிக் கேட்டால் கணக்கு டீச்சர், "நான் குடுக்கவே இல்ல டீச்சர், என் டிபன் பையிலேயே கிடக்கு. குழம்புகூடக் கொட்டிடுச்சு" என்கிறாள். அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லையாம். நான்தான் பட்டிருக்கிறேன்.

நர்ஸ் கேட்ட கேள்விக்குத் திங்கட்கிழமை வகுப்பில் என்ன பதில் சொல்வேன் என்று தெரியவில்லை. ஆனால் வகுப்பு எடுக்கப் போகிறேன்.

உன் தங்கை


மார்ச் 27

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தில் 'அவர்' என்று ஆரம்பித்து நடுவிலேயே 'அவன்' ஆகியிருக்கிறது. எந்த வரியில் மாறியது என்று விரலை வைத்துத் தேடிப் பார்த்தேன்.

நீ கிளம்பிய நாள் மாலையே அவன் எனக்கு போன் செய்தான். அதற்கு முன்பே கணக்கு டீச்சர் பேசி எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள், முட்டைத் தட்டு உட்பட. அதனால் தயாராகத்தான் இருந்தேன். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டதும் திகைத்துப் போனேன். கொஞ்சமும் மாறவில்லை. அதே பாசம், அதே மென்மை.

"மச்சான், அவ எங்கேயோ போயிட்டா. எனக்குப் பதறுது. முக்கியமான பேப்பரெல்லாம் அந்த அலமாரில மாட்டிக்கிச்சு. நீங்க சொன்ன ஓட்டைல ஊசி போகமாட்டேங்குது. உங்க பூட்டு கொஞ்சம் ட்ரிக்கியா இருக்கே!" என்று சிரித்தான். அந்த நேரத்திலும் சிரித்தான். "வேற வழி இருக்கா? என் கண்ணாடியைக்கூடக் காணோம் மச்சான், அதையும் உள்ளதான் வெச்சுப் பூட்டியிருப்பா. பாவம், ரொம்ப முத்திடுச்சு அவளுக்கு."

திட்டுவதற்கு ஒரு மூட்டை வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன்.

"ஃபிரிட்ஜ்ல பாருங்க மாப்பிள்ளை" என்றேன். "முட்டைத் தட்டுல இருக்கும்."

சிரிப்பு நின்றது. அவன் நடக்கும் சத்தம் கேட்டது. ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தமும் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. மச்சான் என்று அவன் கூப்பிடுவான், அழுவான், ஏதாவது கதை சொல்வான் என்று காத்திருந்தேன். போனை வைத்துவிட்டான்.

இந்தப் பக்கம் நான் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னைக் கல்யாணம் செய்துவைத்து அந்த வீட்டுக்கு அனுப்பியபோது பந்தியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, என் தங்கச்சியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று சொன்னவன் நான்தானே.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் இறங்குகிறேன். கணக்கு டீச்சர் வீட்டுக்கே நேராக வருகிறேன், நீ வாசலில் நின்றால் போதும். அந்தச் சாவியைக் கழுத்திலிருந்து கழற்றாதே. அலமாரியை நாம் இரண்டு பேரும் போய்த் திறப்போம்.

அண்ணன்